நாலு வார்த்தை ஆங்கிலமும் என் பொறாமையும்

என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண், நாகர்கோவில்காரி, போன வாரம் அஜ்மானில் இருக்கும் எனக்குப் போன் செய்தாள். கொரியாக்காரர்கள் கடிதம் எழுதித் தரச் சொல்லி அவளிடம் வருவதே இல்லையாம். மடிக்கணினியைப் பார்த்துத் தங்கள் மொழியில் பேசுகிறார்களாம். ஆங்கிலம் வந்து விழுகிறதாம், கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்களாம். "பத்தொம்பது வருஷம் இந்த சீட்ல நீங்க என்ன சார் பண்ணுனீங்க?" என்று கேட்டாள். குத்தலாக அல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான். நம் சங்கத்தின் ஆண்டு மலருக்கு எதையாவது எழுது என்று நண்பர்களும் நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டுக்கும் சேர்த்து இதுவே பதில்.

பத்தொன்பது வருஷமும் நான் பொறாமைப்பட்டேன். மற்றதெல்லாம் இடையிடையே நடந்த உத்தியோகம்.

மதுரையில் ஆங்கில இலக்கியம், டைப்ரைட்டிங் ஹையர், அப்புறம் துபாய் தேராவில் ஒரு கீழக்கரை முதலாளியின் கடையில் உட்கார்ந்து, ஏலக்காய் சொன்ன நாளில் வந்துசேராததற்கு நாலு வருஷம் வருத்தக் கடிதம். என் பயிற்சி இவ்வளவுதான். வருத்தத்தை எப்படியெல்லாம் அலங்கரிக்கலாம் என்று அங்கே கற்றேன். பிறகு அபுதாபிக்கு மேற்கே, உப்புப் பூத்த தரையில், எரிவாயு ஆலை ஒன்றை விரிவாக்கிக்கொண்டிருந்த கொரியக் கம்பெனியில் சேர்ந்தேன். விசாவில் ‘டாக்குமெண்ட் கன்ட்ரோலர்’ என்று இருந்தது. நிஜ வேலை, கொரியர்களின் ஆங்கிலத்தைக் குளிப்பாட்டித் தலைவாரி, எங்கள் வேலையை மேற்பார்வை பார்க்கும் பிரிட்டிஷ் கன்சல்டண்டிடம் அனுப்பிவைப்பது.

முறை இப்படி இருந்தது. எஞ்சினியர் தன் மொழியில் யோசித்ததை அகராதியைக் கிளறி ஒரு மாதிரி ஆங்கிலமாக்கி, பென்சிலில் எழுதிக் கொண்டுவருவார். நான் திருத்தி அடிப்பேன். பென்சில் பேப்பரைத் தேதி போட்டு இழுப்பறையில் வைத்துவிடுவேன். அச்சான கடிதம் பூஜாங்கிடம் போகும். பூஜாங் என்பது பதவி, துறைத் தலைவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பூஜாங்கின் பெயர் பார்க். ஐம்பதைத் தாண்டியவர். சேஃப்டி ஷூவைக் கழற்றி ரப்பர் செருப்புக்கு மாறிய பிறகுதான் கடிதத்தைத் தொடுவார். ஒரு எஃகு ஸ்கேலை முதல் வரிக்குக் கீழே வைப்பார். ஸ்கேல் ஒரு வரி இறங்கி நிற்கும். பென்சில் முனை ஒரு வார்த்தையைத் தொடும்.

"செல்வம், இந்த வார்த்தை, இங்கிலீஷ்காரன் சொல்வானா?"

சொல்வான் என்பேன். ஸ்கேல் இன்னொரு வரி இறங்கும். ஒன்றரைப் பக்கத்துக்கு நாற்பது நிமிடம், இரண்டு பாக்கெட் காபி. அதற்குப் பிறகுதான் கையெழுத்து, முத்திரை, அனுப்பும் எண். வாரக் கூட்டத்தில் கன்சல்டண்ட் எது கேட்டாலும் பார்க் சொல்லும் பதில் ஒன்றுதான்: கடிதமாகத் தருகிறோம். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அப்போது நெஞ்சு நிமிரும். அந்தக் கடிதம் நான்தானே.

கொரியாவில் எஞ்சினியரிங் முழுக்க அவர்கள் மொழியில் படித்தவர் அவர். ஆனால் பதவி உயர்வுக்கு ஆங்கிலப் பரீட்சை எழுத வேண்டும், மதிப்பெண் காட்ட வேண்டும். தலை நரைத்த பிறகும் வார்த்தை அட்டைகளை வளையத்தில் கோத்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். ஒருநாள் சாப்பிட்டு முடித்துப் பல் துலக்கிக்கொண்டே சொன்னார்: "என்கிட்ட மார்க் இருக்கு. இங்கிலீஷ் இல்ல."

அவர் மனைவியும் மகனும் நியூசிலாந்தில் இருந்தார்கள். பையனுக்கு வாயில் ஆங்கிலம் வர வேண்டும் என்பதற்காக. இப்படிக் குடும்பத்தைக் கடல் கடத்திவிட்டுத் தனியாகச் சம்பாதிக்கும் அப்பாக்களை அங்கே காட்டு வாத்து என்று சொல்வார்களாம். வந்து வந்து பறந்து போவதால். ஒரு மத்தியானம் அவர் என் மேஜைக்கு வந்து போனை நீட்டினார். மகன் அனுப்பிய நீளமான செய்தி. திரையின் மேலேயே ஸ்கேலை வைத்துப் பார்த்திருக்கிறார், நடக்கவில்லை. நான் வாசித்துச் சொன்னேன்: சனிக்கிழமை கொரிய மொழி வகுப்புக்கு இனிமேல் போகமாட்டானாம், அது எதற்கும் உதவாதாம். பார்க் போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். செருப்புச் சத்தம் வழக்கத்தைவிட மெதுவாகப் போனது.

எனக்குப் பரிதாபம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. இழப்பதற்கு அந்த மனிதனிடம் ஒன்று இருந்தது. அஜ்மானில் வேலைபார்த்த அம்மாவோடு இருந்த என் மகள், அங்கே பள்ளியில் கூடுதல் காசில்லாமல், கண்ணீரில்லாமல் ஆங்கிலத்தை வாரிக்கொண்டு வந்தாள். தமிழில் தன் பெயரை எழுதத் தெரியாமல் அவள் வளர்ந்ததை, அன்றைக்கு அந்தச் செருப்புச் சத்தம் கேட்கும்வரை நான் கவனித்ததே இல்லை. அடுத்த அறையில் அவர்கள் ஒரு பம்பின் அதிர்வைப் பற்றித் தங்கள் மொழியிலேயே சண்டை போடுவார்கள். ஒரு போல்ட்டுக்கும் வாஷருக்கும் அந்த மொழியில் கோபப்பட முடியும். நான் நேசித்த தமிழுக்கு அந்த சைட்டில் கேட் பாஸ் கிடையாது. சாயங்காலம் கேம்ப் வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் அது வாயைத் திறக்கும். உலக மொழி உலக மொழி என்று அவர்கள் பயந்து நடுங்கினார்கள். நடுங்குவதற்கு அப்பால் அவர்களுக்கு ஒரு வீடு இருந்தது. நான் அந்த உலக மொழிக்குள்ளேயே குடக்கூலிக்கு இருந்தேன்.

அப்புறம் சோய் வந்தான்.

முப்பத்திரண்டு வயதுக் கொரிய எஞ்சினியர். குழாய்களுக்குத் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிச் சோதிக்கும் பிரிவு அவனுடையது. அவனிடம் இருந்தது மொத்தம் ஐந்நூறு ஆங்கில வார்த்தை என்பது என் கணக்கு. வெட்கம் ஒரு சொட்டு இல்லை. அவன் பேசியது ஆங்கிலம்தான். இங்கே தமிழில் தருகிறேன், அதிகம் சேதமாகாது. முதல் வாரமே என் மேஜை விளிம்பில் சாய்ந்துகொண்டு சொன்னான்: "இங்கிலீஷ், சேஃப்டி ஷூ. கம்பெனி குடுக்குது. சைட்ல போடு. ரூம்ல கழட்டு. அழகு பார்க்காத."

அது இங்கிலீஷ்காரர்களின் மொழி, அதற்கென்று ஒரு மரியாதை இருக்கிறது என்று நான் ஆரம்பித்தேன். அவன் ஜன்னலுக்கு வெளியே காட்டினான். "இங்கிலீஷ்காரன், இங்க மூணு பேர். நாம, மூவாயிரம் பேர். அப்ப யாரோட இங்கிலீஷ்?"

காலையில் ஒலிபெருக்கியில் பியானோ இசை வரும். கொரிய சைட்டின் வழக்கம், வேலைக்கு முன் எல்லோரும் கைகால் நீட்டி உடற்பயிற்சி செய்ய வேண்டும். பீகாரும் நேபாளமும் வங்காளதேசமும் ராமநாதபுரமும் வரிசையாக நின்று ‘ஹனா, துல், செத், நெத்’ என்று கொரிய எண்களைக் கத்தும். அது முடிந்ததும் சோய் ஒரு மரப்பெட்டி மேல் ஏறுவான். "இன்னிக்கு பிரஷர். பெருசு. கயிறு கட்டியாச்சு. உள்ள ஆள் இல்ல. நானும் இல்ல." கையைக் குறுக்கே போட்டுக் காட்டுவான். இருநூறு தலை ஒன்றாக ஆடும். அந்த ஆட்டத்தை நான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். என் ஆயுளில் நான் எழுதிய எந்த வாக்கியத்துக்கும் இருநூறு தலை ஆடியதில்லை. 

மெல்ல மெல்ல அவன் சப்-கான்ட்ராக்டர்களுக்கு நேராகவே மின்னஞ்சல் போட ஆரம்பித்தான். மூன்று வரி, நாலு வரி. பதில் உடனே வந்தது. மற்ற இளைஞர்களும் அவனைப் பார்த்து எழுதத் துணிந்தார்கள். என் மேஜைக்கு வரும் பென்சில் பேப்பர்கள் குறைந்தன. பேப்பர் நின்றால் நாற்காலி நிற்காது என்று எனக்குத் தெரியும். அவனுடைய வாக்கியங்களில் பிழைகளை எண்ணினேன், பூஜாங்கிடம் போய்ச் சொல்லவும் செய்தேன். பார்க் கேட்டுக்கொண்டார். ஸ்கேல் அடுத்த வரிக்கு இறங்கியது.

கன்சல்டண்டுக்கு நகல் போகும் எதுவும் என் வழியாகத்தான் போக வேண்டும் என்ற விதி மட்டும் மிச்சம் இருந்தது. பெரிய சோதனை ஒன்றுக்கு முன் எல்லா நோட்டீஸ் போர்டிலும் ஒட்ட வேண்டிய எச்சரிக்கை அப்படித்தான் என்னிடம் வந்தது. சோயின் பென்சில் எழுத்தில் இருந்தது இது: ‘நாளை பத்து மணி. குழாயில் அழுத்தம். கயிற்றுக்குள் வராதே. தண்ணீர் சொட்டினால் தொடாதே. ஓடு. என்னிடம் சொல்.’

ஓடு என்ற வார்த்தை என்னைச் சிரிக்க வைத்தது. கன்சல்டண்டுக்குப் போகும் தாளில் ‘ஓடு’ என்று எழுதுவதாவது. கண்ணியமாக்கு என்று பூஜாங்கும் சொல்லியிருந்தார். அந்த ஒரு தாளுக்கு நான் ஒரு காலைப்பொழுதைக் கொடுத்தேன். எனக்கு என்னவெல்லாம் வரும் என்று அவனுக்குக் காட்ட வேண்டும். மேற்படி சோதனையை முன்னிட்டு, சம்பந்தப்பட்ட பணியாளர்கள் அனைவரும் அப்பகுதியின் சுற்றுவட்டாரத்தை அணுகுவதைத் தவிர்க்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்று முதல் பத்தி. கசிவேதும் அவதானிக்கப்படின் அதனைச் சீர்செய்ய முற்படாது உரியவருக்கு முறைப்படி அறிவிக்கப்பட வேண்டும் என்று இரண்டாவது. ஆங்கிலத்தில், ‘கைண்ட்லி’ எல்லாம் போட்டு, இதைவிட அழகாக இருந்தது, நம்புங்கள். கீழே சோயின் பெயர், பார்க்கின் கையெழுத்து. அன்றைக்கு நேரமில்லை. அந்த ஒரே தாளுக்குப் பார்க் ஸ்கேலை எடுக்கவில்லை.

மறுநாள் பத்தரை மணிக்குச் சாரம் பிரிக்கும் கம்பெனியின் ஃபோர்மேன் முருகேசன், திருவாடானைக்காரன், கழற்றி வைத்த பைப்புகளை எடுக்கக் கயிற்றைக் குனிந்து தாண்டி உள்ளே போனான். கயிறு காத்தவன் மறுகோடியில் இருந்தான். சோய் முந்நூறு மீட்டர் தள்ளி அழுத்தமானியின் பக்கத்தில். தலைக்கு மேலே ஒரு சின்ன இணைப்பில் தண்ணீர் சொட்டுவதை முருகேசன் பார்த்தான். சொட்டுவதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக நல்ல வேலைக்காரனால் முடியாது. சாரக்காரன் இடுப்பில் எப்போதும் ஒரு ஸ்பேனர் தொங்கும். அந்த இணைப்பின் நட்டுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. அழுத்தத்தில் இருக்கும் நட்டை முறுக்கக் கூடாது என்பது குழாய்க்காரனுக்குத் தெரியும், சாரக்காரனுக்கு யார் சொன்னது? ஏறி நின்று கால் சுற்று முறுக்கினான். தண்ணீர் அவன் முகத்தில் அறைந்து கீழே தள்ளியது. காறை எலும்பு முறிந்தது, இரண்டு பல் போயிற்று. உயிர் தப்பியது.

விசாரணை கன்சல்டண்டின் அறையில் நடந்தது. அவர்களின் தலைவர், வெயிலில் சிவந்த உயரமான மனிதர், என் நோட்டீஸை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். இதைவிடத் தெளிவான எச்சரிக்கையை எதிர்பார்க்க முடியாது என்றார். இத்தனை வருஷத்தில் ஒரு ஆங்கிலேயர் என் ஆங்கிலத்தை வாய்விட்டுப் புகழ்ந்தது அந்த ஒருமுறைதான். புகழ்ச்சிக்கு அடுத்த வாக்கியத்திலேயே தீர்ப்பும் வந்தது: தெளிவாகச் சொல்லியும் தொழிலாளி மீறியிருக்கிறான். கேட் பாஸ் ரத்து, ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஊருக்கு. சாரக் கம்பெனி கையெழுத்துப் போடத் தயாராகப் பேனாவைத் திறந்து வைத்திருந்தது.

சோய் எழுந்தான். "நோட்டீஸ் தப்பு. என் பேர் இருக்கு. நானே மூணு தடவ படிச்சேன். மூணு தடவையும் புரியல. அவனுக்கு எப்படிப் புரியும்? என் பேப்பர் வேற."

அந்தப் பேப்பர் எங்கே என்று தலைவர் கேட்டார். அறை என் பக்கம் திரும்பியது.

பழைய தாள்களைத் தேடிப் பார்க்க வேண்டும் என்றேன்.

தேட ஒன்றும் இல்லை. என் மேஜைக்குப் போய் இழுப்பறையைத் திறந்தேன், மேலேயே இருந்தது. தொடாதே, ஓடு. மூடினேன். அது வெளியே வந்தால் முருகேசனின் வேலை தப்பும், என் ஆங்கிலம் விழும். வராவிட்டால் பெயர் போட்டவன் என்று சோய்க்கும் ஒரு அடி விழக்கூடும். அந்த நினைப்பு இனித்தது என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

சாயங்காலம் கேம்ப் பஸ்ஸில் முருகேசனின் ஆள் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்தான். நோட்டீஸைப் படித்தீர்களா இல்லையா என்று கேட்டேன். படித்தோமே என்றான்.

"கைண்ட்லினு போட்டிருந்துச்சுண்ணே. கைண்ட்லினா நமக்கில்ல, ஆபீஸ்காரய்ங்க ஒருத்தருக்கொருத்தர் போட்டுக்கிறது. நமக்குன்னா ‘நோ’னு போடுவாய்ங்க."

எல்லா சைட்டிலும் அப்படித்தானா என்று கேட்டேன். வளைகுடா பூரா அப்படித்தான் என்றான். இத்தனை வருஷம் அந்தப் பஸ்ஸிலேயே வந்து போன எனக்கு அது தெரியவில்லை.

மறுநாள் முற்பகலில் திரும்பக் கூடினோம். தாள் கிடைத்ததா என்று என்னைக் கேட்பதற்கு முன்பே பார்க் எழுந்தார். கடிதமாகத் தருகிறோம் என்பதைத் தவிர அந்த அறையில் எதையும் சொல்லியிராத மனிதர். இரண்டு கையாலும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு வார்த்தைக்கும் இடையில் ஒரு மூச்சு இருந்தது.

"நான் கையெழுத்து. ரெண்டாவது பத்தி, எனக்குப் புரியல. கேட்க வெட்கம். நல்ல இங்கிலீஷ் மாதிரி சத்தம் இருந்தது. அதனால கையெழுத்து. எனக்குப் புரியாதது அவனுக்குக் குற்றம் இல்ல."

 கன்சல்டண்டின் தலைவர் தன் பேனாவைக் கீழே வைத்தார். சோய் தன் பூஜாங்கை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. வாழ்நாள் முழுக்க மறைத்த ஒன்றை ஒரு மனிதர் பிழையான ஆங்கிலத்தில் மேஜைமேல் வைத்துவிட்டார், அறை முழுக்க அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. அங்கே சுத்தமான ஆங்கிலம் தெரிந்த கோழை ஒருவன்தான் மிச்சம்.

"கிடைத்துவிட்டது" என்று சொல்லி எழுந்தேன். இரண்டு கேபினுக்கும் நடுவே நாற்பது அடி வெயில். தாளை எடுத்துக்கொண்டு வந்து வைத்தேன். திருத்தியது நான்தான், அவர் கேட்டதற்கும் மேலே திருத்தினேன் என்றேன். நியாயத்துக்காகச் செய்தேன் என்று பின்னாளில் பலர் சொல்லிவிட்டார்கள். இல்லை. அந்த மரியாதையில் எனக்கும் ஒரு பங்கு வேண்டியிருந்தது. நான் என் உத்தியோகத்தில் செய்த ஒரே நல்ல காரியத்தையும் பொறாமைதான் கையைப் பிடித்துச் செய்ய வைத்தது.

அறிக்கையிலிருந்து ‘மீறல்’ என்ற வார்த்தை நீக்கப்பட்டது. முருகேசனின் பாஸ் தப்பியது. கயிற்றுக்குச் சரியான காவல் வைக்காததற்குச் சோய்க்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். அதையும் நான்தான் அடித்தேன், ஒரு வார்த்தைகூட அலங்கரிக்காமல். தொழிலாளிகளுக்கான நோட்டீஸை அலுவலகத்தில் யாரும் தொடக் கூடாது என்று விதி வந்தது. கன்சல்டண்டுக்கான கடிதங்கள் என்னிடமே தொடர்ந்தன. ஐம்பத்து நாலு வயதில், மனைவியின் சம்பளத்தையும் விசாவையும் நம்பி நான் எழுந்து வரும்வரை நாற்காலி நின்றது.

அந்த வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். முருகேசன் தோளில் கட்டோடு சாய்ந்திருந்தான். உதடு வீங்கியிருந்தது. ஆரஞ்சுப் பையை மேஜையில் வைத்துவிட்டு, வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன்: அந்த நோட்டீஸை எழுதினது நான்தான்.

"தெரியும்ணே" என்றான். "கைண்ட்லி போட்டா அது நீங்கதான்னு சைட்ல எல்லாருக்கும் தெரியும்."

கோபமே இல்லை.  வலி எப்படி என்றேன், பரவாயில்லை என்றான். ஊருக்குச் சொல்லியாயிற்றா என்றேன், சொல்லியாச்சு என்றான். பிறகு அவனாகவே, பல் போன இடத்தில் காற்று சீற, நேற்று அந்தக் கொரியாக்காரன் வந்திருந்ததைச் சொன்னான்.

"என்ன பேசுனான்?"

"தோளக் காட்டி ‘பெயின்?’ன்னான். ‘பெயின்’னேன். அம்புட்டுத்தான். நாற்காலிய இழுத்துப் போட்டு ஒரு மணி நேரம் உக்காந்திருந்தான். போறப்ப ‘சாரி’ன்னான்."

ஒரு மணி நேரமா என்று கேட்டேன். ஆமாண்ணே, ஜூஸ்கூடப் பிடிச்சுவிட்டான் என்றான். சொல்லும்போது அந்த வீங்கிய உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் தாய்மொழி ஒன்று, ஊரும் அதிக தூரமில்லை. நான் வந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது. பேசுவதற்கு இருந்ததெல்லாம் தீர்ந்துபோயிருந்தது.